அடங்கலில் யார் பெயர்?

ஏக்கருக்கு 5,465 ரூபாய். 2017 ஜனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்த அன்றைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம், கருகிய நெல்லுக்குச் சொன்ன நிவாரணம் இது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்திருந்தது. காவிரியும் கைவிட்டிருந்தது. டெல்டாவில் சம்பா நின்ற வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

அதென்ன கடைசியில் ஒரு அறுபத்தைந்து? உழவுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு என்று யாரோ நுணுக்கமாகக் கூட்டிக் கண்டுபிடித்த தொகையோ என்று தோன்றும். அப்படி எந்தக் கூட்டலும் நடக்கவில்லை. பாசன வசதியுள்ள பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்பது அப்போதைய மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதி. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். வகுத்தால் 5,465 வந்துவிடுகிறது. மானாவாரிப் பயிருக்கு அதே விதியில் ஏக்கருக்கு 2,753 ரூபாய்தான் வரும். அதை மட்டும் முழுசாக 3,000 ஆக்கினார்கள். அடுத்த மாதம் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானதும், 32 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் என்று உத்தரவானது.

தமிழக உழவர் ஒவ்வொரு பேரிடரிலும் சந்திப்பது இந்த வகுத்தல் கணக்கைத்தான். புயலோ வெள்ளமோ வறட்சியோ வந்ததும் எழும் முதல் கேள்வி, ஹெக்டேருக்கு எவ்வளவு? ஆளுங்கட்சி ஒரு தொகை சொல்லும், எதிர்க்கட்சி அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும், விவசாயச் சங்கங்கள் மூன்று மடங்கு கேட்கும். தொகையைப் பற்றிய சண்டை தேவையான சண்டைதான். ஆனால் அந்தச் சத்தத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப் போகிறது. பணம் யார் பெயருக்குப் போகிறது?

முதலில் தொகையையே பார்த்துவிடுவோம்.

ஏறிய விதி, இறங்கிய தொகை

2015 ஏப்ரலுக்கு முன்பு, பயிரில் பாதி அழிந்தால்தான் நிவாரணம். பிரதமர் மோடி அந்த வரம்பை 33 சதவீதமாகக் குறைத்தார், தொகையையும் ஒன்றரை மடங்காக்கினார். அப்படி வந்ததுதான் மானாவாரிக்கு 6,800, பாசனப் பயிருக்கு 13,500, நீண்டகாலப் பயிருக்கு 18,000 என்ற விதி. 2022 அக்டோபரில் அது 8,500, 17,000, 22,500 என்று உயர்ந்தது. இரண்டு ஹெக்டேர் வரைதான் தரலாம் என்ற உச்சவரம்பும் உண்டு. இந்த விதிப்படி ஆகும் செலவு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வரும். அந்த நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநிலத்துடையது. விதிக்கு மேல் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் அது முழுக்க மாநிலத்தின் சொந்தப் பணம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஏக்கர் நெல்லின் வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு, 2020 டிசம்பர் இறுதியில், பழனிசாமி அரசு 13,500ஐ 20,000 ஆக்கியது. அடுத்த ஜனவரியில், பொங்கல் நேரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா மீது கனமழை கொட்டியபோதும் அதே தொகை. 6.81 லட்சம் ஹெக்டேரில் சேதம், 11.43 லட்சம் விவசாயிகள், சுமார் 1,117 கோடி ரூபாய். தலைக்குப் பத்தாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. கூடவே கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

ஆட்சி மாறியது. 2021 நவம்பரில் அறுவடைக்கு நின்ற குறுவை மூழ்கியபோது ஸ்டாலின் அரசும் 20,000 கொடுத்தது. 2023 பிப்ரவரியில், பருவம் தப்பிய மழையில் டெல்டாவின் சம்பா சாய்ந்தபோதும் அதுவே. அதே ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, கர்நாடகம் தண்ணீர் தராமல், அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது. கருகிய குறுவைக்கு அறிவித்தது ஹெக்டேருக்கு 13,500. விவசாயச் சங்கங்கள் கேட்டது ஏக்கருக்கு 35,000. இரண்டு மாதம் கழித்து மிக்ஜாம் புயல். அப்போது அரசு அறிவித்தது 17,000. அறிவிப்பின் வாசகம், 13,500 ரூபாயிலிருந்து 17,000 ஆக உயர்த்தி வழங்கப்படும் என்பது. பத்து மாதங்களுக்கு முன் அதே அரசு 20,000 கொடுத்தது அந்த வாசகத்தில் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரையோரம் விழுப்புரமும் கடலூரும் மூழ்கியபோதும் 17,000தான்.

அதாவது, டெல்லியின் விதி 13,500ஆக இருந்தபோது சென்னை தன் பணத்தில் 6,500 சேர்த்தது. டெல்லி 17,000 ஆக்கிய பிறகு, 2023 முடிவதற்குள் சென்னை அந்தக் கூடுதலைக் கைவிட்டது. விவசாயி கைக்கு வந்தது ஹெக்டேருக்கு 3,000 ரூபாய் குறைவு. மாநிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மிக்ஜாமுக்கும் அதே மாதம் வந்த தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து 37,907 கோடி கேட்ட தமிழகத்துக்கு, தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. அதற்குள் மாநிலம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருந்தது. 2017 வறட்சியிலும் இதே கதைதான். கேட்டது 39,565 கோடி, கிடைத்தது 1,748 கோடி. விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவும் அவருடன் போன விவசாயிகளும் மண்டையோடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது அந்த ஆண்டுதான். ஆனாலும், கஜானா காலி என்று சொல்லிக் குறைப்பதும், உயர்த்தினோம் என்று சொல்லிக் குறைப்பதும் ஒன்றாகிவிடாது.

இந்தத் தொகை எதற்குக் காணும்? வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் 2024-25 பருவத்துக்கு நெல்லின் உற்பத்திச் செலவாகக் கணக்கிட்டது, குடும்ப உழைப்பையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 1,533 ரூபாய். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் நிலையான முதலீட்டுக்கான வட்டியும் அதில் இல்லை. ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைகிறது என்று வைத்தால் செலவு 30,660. ஹெக்டேருக்கு 17,000 என்பது ஏக்கருக்கு 6,883. செலவில் கால் பங்குகூட இல்லை. மத்திய அரசின் விதியில் இதன் பெயர் இழப்பீடு அல்ல, இடுபொருள் மானியம். மறுபடி விதைக்கக் கொஞ்சம் கைக்காசு என்பதுதான் அரசின் பொறுப்பு. மேடையில் பேசும்போது அது இழப்பீடு ஆகிவிடுகிறது.

வரப்பில் நடக்கும் கணக்கு

விதியில் உள்ள 33 சதவீதம் என்பது படிக்கட்டு இல்லாத ஒற்றை மதில். 32 சதவீதம் அழிந்தால் பூஜ்யம். 33 அழிந்தால் முழுத்தொகை. நூறும் அழிந்தாலும் அதே முழுத்தொகை. ஆகவே வயலில் இறங்கும் அலுவலர் சேதத்தை அளப்பதில்லை, உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறார். வருவாய்த் துறையின் கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) வேளாண்மைத் துறையின் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து, சர்வே எண் வாரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வி.ஏ.ஓ.வுக்கு ஊர் ஒன்றோ இரண்டோ, நூற்றுக்கணக்கான ஏக்கரோ. கருவி என்று அவர்களிடம் இருப்பது கண்ணும் கைப்பேசியும்தான். நாளைக்கும் அதே ஊரில் வேலை பார்க்க வேண்டியவர், பக்கத்துப் பக்கத்து வயலில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நெல்லோ கண்ணால் பார்த்து எடைபோட முடியாத பயிர். பூக்கும் நேரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போய்விடும். வயல் பச்சையாகத்தான் நிற்கும், கதிரும் நிமிர்ந்துதான் இருக்கும். அறுக்கும்போதுதான் பாதிக்குப் பாதி பதர் என்று தெரியும். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்து அலுவலர் போயிருப்பார். இதற்கு நேர்மாறு, சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் முற்றிய கதிர். அது முளைத்துவிட்டது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அதை எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று விவசாயி அறுக்கத் தொடங்கினால் ஆதாரம் போய்விடும். ஈரவயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு மணி வாடகை அதிகம். சாய்ந்த பயிரில் நேரமும் கூடுதலாக இழுக்கும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் 17 சதவீத ஈரப்பத விதி வாசலில் நிற்கிறது. தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும், மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும். நெல் சாலையோரம் காத்துக் கிடக்கும்.

இளம்பயிரின் கதை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு இருபது நாளான பயிர் ஒரு வாரம் மூழ்கினால் அழுகிவிடும். மறுநடவுக்குக் கையில் இருப்பது சில நாட்கள்தான், பருவம் போனால் போனதுதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகுதான் கணக்கெடுப்பு என்பது அரசின் வழக்கம். உழுதுவிட்டால் பாதித்த பயிர் எங்கே என்று கேட்பார்கள். உழாவிட்டால் பருவம் கேட்காது. டெல்டாவில் பலர் இரண்டுக்கும் நடுவில் நின்றே ஒரு போகத்தை இழந்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் அரசு இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. மூழ்கிய சம்பாவை மறுபடி நட, ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்புள்ள குறுகியகால விதை, உரம் போன்றவற்றைப் பொருளாகக் கொடுப்பதாக அறிவித்தது. தொகை சின்னது. ஆனால் சரியான நேரத்தில் வரும் ஒரு மூட்டை விதைநெல், தை மாதம் வங்கியில் ஏறும் இரண்டாயிரத்தைவிடப் பெரியது. இந்தத் திசையில் இன்னும் நிறைய யோசித்திருக்கலாம்.

தண்ணீர் ஏன் ஒரு வாரம் நிற்கிறது என்று கேட்டால் அது தனிக் கட்டுரை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வடிகால்களைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்காத கடைமடை ஊர் இருக்காது.

உழுதவர் இல்லாத ஏடு

இப்போது பெயருக்கு வருவோம். நிவாரணப் பட்டியல் அடங்கலிலிருந்து பிறக்கிறது. அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. ஒவ்வொரு பசலி ஆண்டிலும், ஒவ்வொரு சர்வே எண்ணிலும் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்கிறார் என்று வி.ஏ.ஓ. வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டிய ஏடு. 1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து வி.ஏ.ஓ.க்களைக் கொண்டுவந்தது. கணக்கு கைமாறியது. ஏட்டில் பட்டாதாரர் பெயர் நிற்பதும் உழுதவர் பெயர் விடுபடுவதும் அதனால் மாறிவிடவில்லை.

டெல்டாவில் நிலம் வைத்திருப்பவரும் சாகுபடி செய்பவரும் வேறு வேறாக இருப்பது சர்வசாதாரணம். உடையவர் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார். உள்ளூரில் ஒருவர் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாய்வார்த்தையாகக் குத்தகை பேசி உழுவார். விதை, உரம், கூலி, அடகு வைத்த நகை எல்லாம் உழுபவருடையது. வெள்ளம் வந்தால் நஷ்டமும் அவருடையது. நிவாரணம் மட்டும் பட்டா இருப்பவரின் வங்கிக் கணக்கைத் தேடிப் போகும். நல்ல மனது உள்ள உடையவர் அதைக் குத்தகைக்காரரிடம் கொடுப்பார், அல்லது குத்தகையில் கழித்துக்கொள்வார். கொடுக்காதவரை யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் ஏட்டில் குத்தகைக்காரர் என்று ஒருவரே கிடையாது.

இதில் கசப்பான ஒன்று உண்டு. குத்தகைதாரர் பெயர் ஏட்டில் ஏறாமல் தடுப்பது, அவரைக் காக்க வந்த சட்டமே. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், நினைத்தபோது நிலத்தை விட்டு விரட்டுவதைத் தடுத்தது. தஞ்சை மண்ணில் நடந்த நெடிய உழவர் போராட்டங்களின் பலன் அது. 1969ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. எழுதிப் பதிந்த குத்தகைதாரருக்கு இவை அரண். அதனாலேயே, புதிதாக ஒருவர் பெயரை எழுத எந்த உடையவரும் சம்மதிப்பதில்லை. அடங்கலில் பெயர் ஏறினால் நாளை நிலத்தை மீட்க முடியாது என்ற பயம். ஒரே ஆளிடம் தொடர்ந்து விடாமல், ஓரிரு வருடத்தில் ஆளை மாற்றுபவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பல ஆயிரம் குடும்பங்கள் எப்போதோ தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் நில உரிமை வேறு, இந்தப் போகத்தின் நஷ்டம் யாருடையது என்பது வேறு. இரண்டையும் ஒரே ஏட்டில் கட்டிவைத்திருப்பதில்தான் சிக்கல்.

கோயில் நிலங்களில் முடிச்சு இன்னொரு விதமாக விழுகிறது. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு மாநிலம் முழுக்க ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. டெல்டாவில் அதுபோக மடங்களும் அறக்கட்டளைகளும். அங்கே பதிவான குத்தகைதாரர் உண்டு. ஆனால் பதிவில் உள்ளவர் சில இடங்களில் இறந்துபோன தாத்தா. சில இடங்களில் உள்குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குப் போனவர். குத்தகை பாக்கி இருந்தால் சான்று கிடைப்பதும் கடினம். வெள்ளத்தில் மூழ்கியவருக்குப் பாக்கி இருப்பதில் ஆச்சரியம் என்ன?

நிவாரணம் ஓரளவு நேராகப் போய்ச் சேர்ந்த சந்தர்ப்பமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, புதுக்கோட்டை என்று உள்ளே போய்த் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். மறுபடி நட்டுப் பராமரிக்க ஹெக்டேருக்கு 72,100 ரூபாய். முப்பது வருடம் காய்க்க வேண்டிய மரத்துக்கு 600 ரூபாயா என்று கொதித்தவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நெல்லோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். காரணம் எளிது. விழுந்த மரத்தை எண்ணலாம். 33 சதவீதத் தகராறு இல்லை. தோப்புக்காரர் பெரும்பாலும் அங்கேயே இருப்பவர். ஏட்டில் உள்ளவரும் நஷ்டப்பட்டவரும் ஒருவரே. ஆனால் அதே தோப்புகளில் தேங்காய் பறித்தவர்கள், மட்டை உரித்தவர்கள், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோரின் வேலை, நட்ட கன்று காய்க்கும் வரை, ஐந்தாறு வருடம் இல்லாமல் போனது. மரக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பொதுவாகத் தனி வயலைப் பார்ப்பதில்லை, கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறது. தனி வயலின் சேதத்தைப் பார்க்கும் பிரிவில், நெல் வயலில் தண்ணீர் தேங்குவதை 2018ல் நீக்கிவிட்டார்கள். டெல்டாவின் தலையாய ஆபத்தே அதுதான்! 2026 காரீப் முதல் அதை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பதிவு செய்யப் போனால் அங்கேயும் அடங்கல் நகல் கேட்பார்கள்.

பெயர்ச் சிக்கலைத் தொட்டுப் பார்த்த மாநிலங்கள் இருக்கின்றன. ஆந்திரம் 2019ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பதினொரு மாத ஒப்பந்தம், நில உரிமைக்கு எந்தப் பங்கமும் இல்லை, உழுபவருக்கு ஓர் அட்டை. அதைக் காட்டிக் கடன், காப்பீடு, நிவாரணம் பெறலாம். உடையவரின் கையெழுத்து கட்டாயம் என்ற இடத்தில் அது தட்டியது. கையெழுத்துப் போட மறுத்தவர்கள் ஏராளம். ஒடிசாவின் காலியா திட்டம், பங்கு சாகுபடியாளர்களையும் நிலமற்ற குடும்பங்களையும் உதவிப் பட்டியலில் சேர்த்தது. தமிழகமோ வீட்டு வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 2017ல் சட்டம் போட்டது. வயல் குத்தகையை வாய்வார்த்தைக்கே விட்டுவைத்திருக்கிறது. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ.க்கள் மறுத்ததால் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்பதைச் செயலி சொல்லிவிடும். யார் பயிர் என்று கேட்கும் அக்கறையே அந்த வேலையில் தெரியவில்லை. வரப்பில் நிற்பவரிடம் கேட்டுப் பதிவதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். இந்தப் போகத்துக்கு மட்டும், நில உரிமைக்குச் செல்லாது என்று அச்சிட்ட ஒரு சாகுபடிச் சான்று போதும். அதையும் உடையவரின் கையெழுத்தில் மாட்டிவைக்காமல், கிராம சபையிலோ பக்கத்து வயல்காரர்கள் இருவரின் சாட்சியிலோ கொடுக்கலாம்.

இவ்வளவும் உழுபவருக்கு. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களுக்கு வெள்ளம் என்றால் ஒரு மாதம் இரண்டு மாதம் கூலி கிடையாது. ஹெக்டேர் கணக்கில் அவர்கள் எந்த ஹெக்டேரும் இல்லை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011ல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர்கள். நிவாரணப் பட்டியல் தயாராகும் அதே தாலுகா அலுவலகத்தில்தான் அந்த அட்டைகளின் பதிவும் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதில் உதவி உண்டு. மழையில் போன கூலிக்கு அதில் கலம் ஒதுக்கவில்லை.